ஒரு கோட்டின் நீளம்

லினக்ஸ் இயங்கும் கணினியில் ஒரு கட்டளையின் பிரயோகம் மறந்துபோனால், 'மேன்' என்று தட்டி அதையடுத்து அந்தக் கட்டளையின் பெயரையும் எழுதினால் போதும். பெயர், சுருக்கம், விளக்கம், உதாரணம், தொடர்புள்ள பிற பக்கங்கள் என்று ஒரு கிரமத்தில் அடுக்கப்பட்ட கையேட்டுப் பக்கம் திரையில் விரியும். அந்தப் பக்கங்களைப் படித்துக் காரியம் பார்த்துக்கொள்பவர்கள் உலகெங்கும் ஏராளம். ஆனால் அவற்றில் வரும் ஒரு கோடு உரிய நீளத்தில் இருக்கிறதா, ஒரு மேற்கோள் குறி நிமிர்ந்து நிற்கிறதா வளைந்து கிடக்கிறதா, ஒரு காற்புள்ளி தடித்த எழுத்தில் தவறி விழுந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்துத் திருத்துகிறவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவனாகக் கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு என் மாலைப்பொழுதுகளில் கணிசமான பகுதியைச் செலவிட்டிருக்கிறேன். இந்த அற்ப விஷயத்துக்கு இத்தனை சிரத்தை எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அது அற்பம் அன்று என்பதே என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் எனக்கு எவ்வாறு உறுதிப்பட்டது என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

அச்சுப் பிழையைக் காணும் கண் எனக்குக் கணினியினால் வந்ததன்று. என் தாய்மாமன் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சிறிய அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தார். கலியாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கருமாதிக் கடிதம், திருவிழா நோட்டீசு, கரும்பு விவசாயிகளின் கூட்டத்துக்குத் துண்டறிக்கை ஆகியவைதாம் அங்கே அச்சாகும். பள்ளி விடுமுறையில் நான் போய் உட்கார்ந்தால், ப்ரூப் தாளை என் கையில் கொடுத்து, மூலப் பிரதியை உரக்க வாசிக்கச் சொல்லுவார். அவரோ 'காலி' என்னும் தட்டில் கோத்திருக்கும் ஈய எழுத்துகளை, இடம் வலமாக மாறியிருந்தபோதிலும், சரளமாகப் படித்துக்கொண்டே ஒப்புநோக்குவார். ஒரு தடவை, காற்புள்ளி ஒன்று விட்டுப்போனதற்காக, இறுக்கிக் கட்டி ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் ஏற்றிய பாரத்தை மறுபடியும் இறக்கி அவிழ்க்கத் தொடங்கினார். இது ஒன்றுக்காகவா இத்தனை பிரயாசை என்று நான் கேட்டபோது அவர் சொன்ன வார்த்தை இன்றும் என் ஞாபகத்தில் இருக்கிறது: "மாப்பிள்ளே, பத்திரிகை ஊரூராப் போயிடும். போன எடத்துக்கெல்லாம் நாமும் கூடவே போயி, இது அப்படி இல்லே இப்படின்னு சொல்லிக்கிட்டு நிக்க முடியுமா?"

மாமா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆயினும் தமிழ் எழுத்தின் சரித்திரம் முழுவதிலும் ஓடிவந்த ஒரு கவலையைத்தான் அவர் அந்தக் கேள்வியில் வெளியிட்டார். ஓலைச்சுவடியில் எழுதியவர்கள், ஓலை கிழிந்துவிடும் என்ற காரணத்தால், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே பெரும்பாலும் எழுதிச் சென்றார்கள். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதை வாசிப்பவன்தான் இடம் நோக்கித் தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவிலேயே பிரித்துக் காட்டிய வீரமாமுனிவரும் (1680-1747), உரைநடையை அச்சேற்றும்போது நிறுத்தற்குறிகளை ஒழுங்காக இட்டுக் காட்டிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் (1822-1879) அந்தப் பாரத்தை வாசகன் தோளிலிருந்து இறக்கிப் பதிப்பிப்பவன் தோளில் ஏற்றினார்கள். ஒரு சுழியும் ஒரு புள்ளியும் எவ்வளவு தூரம் அர்த்தத்தைத் தாங்குகின்றன என்பது, ஆகவே, தமிழ் படித்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயம் அன்று.

நான் கணினித் தொழிலுக்கு வந்து, சென்னையில் சில காலம் இருந்துவிட்டு, ஊருக்கே திரும்பிய சமயத்தில், 2011-ஆம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தின் பயனாக எங்கள் பக்கத்து மாணவர்களின் கைகளில் கணினிகள் வந்து சேர்ந்தன. விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. அந்த மாணவர்களில் கல்வராயன் மலையிலிருந்து வந்தவர்களும் சிலர். லினக்ஸைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக நானும் ஒரு நண்பரும் விடுமுறை நாட்களில் மலைக்குப் போய்வரத் தொடங்கினோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரையில் இரு மருங்கிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியுமாகச் சமவெளி விரிந்து கிடக்கும். கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறி, கடுக்காய் மரங்களையும் சாமைக் கொல்லைகளையும் கடந்து, வெள்ளிமலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மலையாளி என்று வழங்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். பெயர் அப்படியிருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழே. 1976-ஆம் ஆண்டு வரையில் மூன்று ஜாகிர்தார்களின் வசத்தில் இருந்த மலை அது. அரசாங்கத்தின் நிர்வாகத்துக்கு அவ்வளவு பிந்தி வந்து சேர்ந்த ஊர்களில், காகிதத்தில் ஒரு வரி இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் உள்ள வித்தியாசத்தை, நிலத்துக்குப் பட்டா தேடி அலைந்த பெரியவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மலையில் அக்காலத்தில் அநேக ஊர்களில் கைப்பேசிச் சமிக்ஞையே எட்டாது. இணையத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. நகரத்தில் ஒருவனுக்குச் சந்தேகம் வந்தால் தேடிப் பார்ப்பான், நண்பனைக் கேட்பான், யாரோ பதிவு செய்த காணொளியைப் பார்ப்பான். மலைமேல் இருக்கும் மாணவனுக்கோ, கணினியோடு சேர்ந்து வந்து அதன் வட்டிலேயே தங்கியிருக்கும் கையேட்டுப் பக்கம் ஒன்றுதான் ஆசான். ஆதலால் நாங்கள் அவர்களுக்கு முதலில் கற்றுக் கொடுத்தது அந்தப் பக்கங்களைப் படிக்கும் முறையைத்தான்.

அவர்களில் ஒருவன், சாமையும் மரவள்ளியும் பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை, மிகுந்த ஊக்கமுள்ளவன். ஒரு நிரலைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முயன்று, அதன் கையேட்டுப் பக்கத்தைப் பல நாள் படித்தும் பலிக்காமல், நாங்கள் போயிருந்தபோது கணினியை எடுத்து வந்தான். "எத்தனை வாட்டி படிச்சாலும் இந்த எடத்துல புரியல சார். எனக்கு இங்கிலீசு பத்தல" என்றான். அவன் காட்டிய இடத்தை நான் வாசித்தேன். பின்வரும் மதிப்பை எழுதுக என்று ஒரு வாக்கியம் தொடங்கி, எங்கே எழுதுவது என்று சொல்லாமலே அடுத்த விஷயத்துக்குத் தாவியிருந்தது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கும் அந்த இடம் புரிந்திருக்காது; ஏனெனில் அங்கே ஒரு வரி காணாமற்போயிருந்தது.

கையேட்டுப் பக்கத்தின் மூலமும் அதே கணினியில் சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் விசேஷம். இணையத்தின் உதவி இல்லாமலே அதைப் பிரித்துப் பார்த்தோம். காணாமற்போன வரி மூலத்தில் பத்திரமாக இருந்தது. உள்ளபடி நேர்ந்தது இதுதான்: வீட்டு அடைவில் மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புகளின் பெயர்கள், லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் சம்பிரதாயப்படி, ஒரு புள்ளியில் தொடங்கும்; அத்தகைய ஒரு கோப்பின் பெயர், எழுதியவர் வரியை மடித்தபோது தற்செயலாக வரியின் தலைக்கு வந்துவிட்டது. பக்கத்தை வடிவமைக்கும் நிரலுக்கோ, வரியின் தலையில் புள்ளி வந்தால் அது வாசகனுக்குரிய வாசகம் அன்று, தனக்கு இடப்பட்ட ஆணை என்று பொருள். தனக்குத் தெரியாத ஆணை ஆகையால் அதைப் பேசாமல் தள்ளிவிட்டது. வரி முழுவதும் அதோடு மறைந்தது. அந்தப் புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோட்டையும் ஆம்பர்சாண்டையும் சேர்த்து எழுதினால், அச்சில் எந்த இடத்தையும் அடைத்துக்கொள்ளாத ஒரு குறியாக அது நின்று, வரியைக் காப்பாற்றிவிடும். அவ்வளவே திருத்தம்.

திருத்தத்தைச் செய்து பக்கத்தை மறுபடி திறந்து காட்டியபோது அந்தப் பையனுக்கு உண்டான சந்தோஷத்தைக் காட்டிலும், அதற்கு முன் அவன் சொன்ன வார்த்தைதான் என்னை வெகுகாலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பிழை பக்கத்தில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவனுக்குத் தோன்றவில்லை. பிழை தன்னிடத்தில், தன் படிப்பில், தன் மலையில் இருப்பதாகவே அவன் நிச்சயித்திருந்தான். அச்சிட்ட பக்கத்துக்கு இயல்பாகவே ஓர் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தின் முன் தனியே நிற்கும் வாசகன், குற்றத்தை எப்போதும் தன்மேலேயே ஏற்றுக்கொள்கிறான். எனவே பக்கத்தில் நேரும் ஒவ்வொரு சிறு பிழைக்கும் விலை கொடுப்பவன் எழுதியவன் அல்லன், கேட்பதற்கு நாதியற்ற வாசகனே என்பது அன்று எனக்கு விளங்கிற்று. அச்சகத்தில் மாமா கேட்ட கேள்வியின் முழு அர்த்தமும் அப்போதுதான் புலப்பட்டது.

அதன்பின் இந்தப் பக்கங்களின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை ஏற்பட்டது. யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதியிடப்பட்டது. அதைத் தயாரித்தவர்கள், அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த அமைப்பையே உருவாக்கிய கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியுமே. யூனிக்ஸ் தழைத்ததற்கே எழுத்தலங்காரம் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது. அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவினர் தங்கள் விண்ணப்பங்களைச் செப்பமாகத் தட்டச்சிடுவதற்குத்தான் அதை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். 1964-இல் ஜெரோம் ஸால்ட்ஸர் எழுதிய 'ரன்ஆஃப்' என்ற நிரலின் வழியில் வந்த 'ரோஃப்' அப்போது வடிவமைப்பு வேலையைச் செய்தது. பிறகு ஒளியச்சு இயந்திரம் ஒன்று அங்கே வந்தபோது, ஜோ ஒஸ்ஸானா என்பவர் 1973-ஆம் ஆண்டையொட்டி அதற்காக 'ட்ரோஃப்' என்பதைப் படைத்தார். 1977-இல் அவர் காலமானபின் பிரையன் கெர்னிகன் அதை எந்த இயந்திரத்துக்கும் பொருந்துமாறு மாற்றியமைத்தார். 1990-இல் ஜேம்ஸ் கிளார்க் அதே மொழியை 'குரோஃப்' என்ற பெயரில் சுதந்திர மென்பொருளாக எழுதி அளித்தார். இன்று லினக்ஸில் நாம் திறக்கும் கையேட்டுப் பக்கங்களைப் பெரும்பாலும் வடிவமைத்துத் தருவது இந்தக் குரோஃப்தான்.

ட்ரோஃப் பிறப்பிலேயே அச்சுக்கோப்பவரின் கருவி. தட்டச்சுக்காரரின் கருவி அன்று. தட்டச்சுப் பலகையில் குறுங்கோட்டுக்கென்று இருப்பது ஒரே விசை. அச்சுத் தொழிலிலோ சொற்களை இணைக்கும் ஹைபன் வேறு, கழித்தல் குறி வேறு, பக்க எண்களின் இடையே வரும் நடுத்தரக் கோடு வேறு, வாக்கியத்தை முறிக்கும் நெடுங்கோடு வேறு. ஆகவே ட்ரோஃப் மொழியில் அந்த விசையை வெறுமனே தட்டினால் ஹைபன் என்றும், பின்சாய்கோட்டைச் சேர்த்துத் தட்டினால் கழித்தல் குறி என்றும் விதி ஏற்பட்டது. கட்டளைகளுக்கு முன்னால் இடும் விருப்பத் தேர்வுகள் யாவும் இந்த இரண்டாவது முறையில்தான் எழுதப்பட வேண்டும். பழைய முனையங்களில் இரண்டும் திரையில் ஒரே கோடாகத் தெரிந்தபடியால், எழுதியவர்கள் அநேகர் இந்த விதியைப் பொருட்படுத்தவில்லை. யூனிகோடு வந்தபின் திரையிலும் இரண்டு கோடுகளும் வேறு வேறு எழுத்துகளாயின. அப்போது பார்வைக்கு மயிரிழை வித்தியாசம்கூடத் தோன்றாத ஹைபனைப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால், கட்டளை ஓடாது. பக்கத்துக்குள்ளேயே அந்தத் தேர்வைத் தேடினாலும் அகப்படாது. வாசகன் கண்ணால் பார்க்கிறான், இருக்கிறது, இயந்திரம் இல்லையென்கிறது.

இந்தச் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகக் குரோஃப் சிலகாலம் இரண்டையும் ஒன்றாகவே காட்டும் சலுகையை அளித்து வந்தது. 2023-இல் வெளிவந்த 1.23-ஆம் பதிப்பு அந்தச் சலுகையை நீக்கிப் பழைய விதிக்கே திரும்பியபோது, அதுவரையில் மறைந்திருந்த பிழைகளெல்லாம் ஒரேயடியாக வெளிப்பட்டன. லினக்ஸைத் தொகுத்து வழங்குவோர் சிலர் தங்கள் அளவில் சலுகையை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். வாசகனுக்கு உடனடியாகக் கிடைக்கும் சௌகரியத்தை முன்னிட்டு அவர்கள் செய்தது நியாயமே. ஆனால் சலுகை உள்ள கணினியில் சரியாகத் தோன்றும் பக்கம், சலுகை இல்லாத கணினிக்குப் போனால் மறுபடியும் தவறாகும். மூலத்தைத் திருத்திவிட்டாலோ, அது எங்கே போனாலும் சரியாகவே இருக்கும். இந்தக் காரணத்தாலேயே மூலத்தைத் திருத்தும் வேலையை நான் மேற்கொண்டேன்.

கோட்டைப் போலவே கவனிக்க வேண்டியவை இன்னும் பல. நிமிர்ந்த ஒற்றை மேற்கோளை வெறுமனே தட்டினால் அது வளைந்த அச்சுக் குறியாகிவிடும். உரைநடையில் அது அழகு, கட்டளையில் நாசம். வீட்டு அடைவைக் குறிக்கும் அலைக்கோடும், தொப்பிக்குறியும் இதே விதமாகச் சிறுத்து உருமாறும். இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. நீண்ட தேர்வின் பெயர் வரியின் கடைசியில் வந்து, நிரல் அதை இரண்டாக வெட்டித் தானே ஒரு ஹைபனைச் சேர்த்துவிடுமானால், புதிதாகப் படிப்பவன் அந்த ஹைபனையும் பெயரின் பாகமென்று எண்ணித் தட்டுவான். வெட்டக்கூடாது என்று முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். உள்ளபடியே தட்ட வேண்டியவற்றைத் தடித்த எழுத்திலும், வாசகன் தனக்கு வேண்டியபடி மாற்றி நிரப்ப வேண்டியவற்றைச் சாய்ந்த எழுத்திலும் காட்டுவது மரபு. இது மாறிப்போனால், கோப்பின் பெயரை இடவேண்டிய இடத்தில், கோப்பு என்ற சொல்லையே தட்டிவிட்டுக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையேடு எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருப்பதால், ஒரு பெயரின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணும் முக்கியமானது: 'பிரின்ட்எஃப்' என்பது முதற்பிரிவில் கட்டளை, மூன்றாம் பிரிவில் சி மொழியின் செயற்கூறு. எண் தவறினால் வாசகன் வேறொரு பக்கத்துக்குப் போய் நிற்பான்.

திருத்தும் முறையிலும் ஓர் ஒழுக்கம் வேண்டும். மூலத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்க வேண்டும் என்று கெர்னிகன் 1974-ஆம் ஆண்டிலேயே யூனிக்ஸ் பழகுகிறவர்களுக்கு எழுதியிருக்கிறார். அவ்விதம் எழுதினால், பின்னால் வருகிறவர் ஒரு வாக்கியத்தை மாற்றும்போது அடுத்த வாக்கியம் கலையாது. எதை மாற்றினார் என்பது பார்ப்பவருக்கு உடனே விளங்கும். நான் ஒரு திருத்தத்தில் ஒரு வகைப் பிழையை மட்டுமே எடுத்துக்கொள்வேன். கோடுகளைத் திருத்தும்போது வாக்கியங்களைத் தொட மாட்டேன். ஏன் மாற்றுகிறேன் என்ற காரணத்தை இரண்டு வரியில் எழுதி, முன்னும் பின்னும் பக்கத்தை வடிவமைத்து ஒப்புநோக்கிய பிறகே பொறுப்பாளருக்கு அனுப்புவேன். லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை 2004 முதல் பல ஆண்டுகள் பராமரித்த மைக்கேல் கெரிஸ்க் போன்றவர்கள் எத்தனையோ பேர் அனுப்பிய இத்தகைய சிறு திருத்தங்களைப் பொறுமையுடன் வாசித்துச் சேர்த்தார்கள் என்பதை நினைக்கும்போது, அனுப்புகிறவனுக்கும் அதே பொறுமை கடமை என்று தோன்றுகிறது.

பொருளில் பிழை இருந்தால் திருத்துவது சரி, குறியில் என்ன இருக்கிறது என்று சொல்லுவோர் உண்டு. பொறுப்பாளர்களின் நேரத்தை இது விழுங்குகிறது என்பாரும் உண்டு. இரண்டாவது ஆட்சேபத்தில் நியாயம் இருப்பதால்தான் மேற்சொன்ன ஒழுக்கத்தை வற்புறுத்துகிறேன். முதலாவதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. கட்டளை என்பது குறிகளாலேயே ஆனது. அங்கே குறியே பொருள். மனிதனோடு பேசும்போது ஒரு சொல் பிசகினாலும் கேட்பவன் கருத்தை ஊகித்துக்கொள்வான். இயந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. நம் தமிழிலேயே, 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ' என்பதையும் 'ள' என்பதையும் அடுத்தடுத்துத் தட்டி ஔவையாரின் பெயரை எழுதுகிறவர்கள் அநேகர். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆனால் கணினியில் அந்தப் பெயரைச் சரியாகத் தட்டித் தேடுகிறவனுக்கு அந்த நூல் இல்லாத நூலாகிவிடும். தேடினால் கிடைக்காத எழுத்து, எழுதப்படாத எழுத்துக்குச் சமானம்.

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. மலையில் இப்போது சமிக்ஞை கிடைக்கும் இடங்கள் முன்னைவிட அதிகம். அந்த மாணவனும் படித்து வேலைக்குப் போய்விட்டான். தான் பயன்படுத்தும் நிரல்களின் பக்கங்களில் பிழை கண்டால், தன் ஆங்கிலத்தை நோகாமல், முதலில் மூலத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் அவனுக்கு ஏற்பட்டிருக்கிறது. கல்வி என்று நான் மதிப்பது இதைத்தான்: அச்சிட்டதெல்லாம் மெய்யென்று பணியாமலும், அச்சிட்டதெல்லாம் பொய்யென்று இகழாமலும், பிழை எங்கே இருக்கிறது என்று நிதானமாகத் தேடி, கண்டால் எல்லோருக்குமாகத் திருத்தி வைக்கும் மனப்பான்மை.

இந்த வேலைக்குப் பட்டம் வேண்டாம். விலையுயர்ந்த கணினி வேண்டாம். திருத்தி முடிக்கும் வரையில் இணையமும் வேண்டாம். நீங்கள் தினந்தோறும் பயன்படுத்தும் ஏதேனும் ஒரு கட்டளையின் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள உதாரணங்களை ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஓடாத ஒன்று அகப்படுமானால், பக்கத்தின் மூலத்தைத் திறந்து அந்தக் கோட்டையும் மேற்கோளையும் கவனியுங்கள். திருத்தியவர் பெயர் பக்கத்தின் முகப்பில் வரப்போவதில்லை. ஆனால் ஒரு முறை சரியாகத் திருத்திய பக்கம் அடுத்த பதிப்போடு எண்ணற்ற கணினிகளுக்குப் போகும். நாம் கூடப் போய் நின்று விளக்கம் சொல்ல முடியாத இடங்களில், நாம் சொல்ல நினைத்ததைப் பிசகாமல் சொல்லும். எழுத்தைக் கையாளும் எவரும், அது காவியமானாலும் சரி, கணினிக் கட்டளையானாலும் சரி, தம்மை நேரில் கேட்க வழியில்லாத வாசகருக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை இதைவிட வேறில்லை.